46,000 ரவைகள்

ஆஹென் நகரிலிருந்து மேற்கே 40, 45 கிலோமீற்றர் போனால் ஹேர்ஸ்டால் என்றொரு ஊர் வரும். லியேஜ் நகரை ஒட்டி, மியூஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. வீதியோரப் பலகைகளின் மொழி மாறுவதை வைத்துத்தான் பெல்ஜியத்துக்குள் வந்துவிட்டோம் என்று தெரியும். ஆஹென் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் சார்லமேன் பேரரசர் பிறந்தது தங்கள் ஊரில்தான் என்று ஹேர்ஸ்டால்காரர் உரிமை கொண்டாடுவார்கள். தமிழருக்கு அந்த ஊரோடு இருக்கும் தொடர்பு வேறு. 1911 ஜூன் 17ஆம் திகதி காலை, மணியாச்சி புகையிரத நிலையத்தில், முதல் வகுப்புப் பெட்டியில் இருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுணிங் கைத்துப்பாக்கியால். பிரவுணிங் கைத்துப்பாக்கிகளைப் பெல்ஜியத்தில் செய்த தொழிற்சாலை ஹேர்ஸ்டாலில்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்ற கைத்துப்பாக்கியும் அதே ஹேர்ஸ்டால் பட்டறையிலிருந்து போனதுதான். ஐந்து வாரங்களில் யுத்தம் வந்தது. ஆகஸ்ட் 4 அன்று ஜேர்மன் படைகள் ஆஹென் பக்கமிருந்து எல்லையைக் கடந்து லியேஜ் கோட்டைகளை நோக்கி நடந்தன. 16ஆம் திகதி கடைசிக் கோட்டையும் விழுந்தது. இந்தப் பிரதேசத்தின் ஒவ்வொரு கிராமத்திலும் அந்த மாதத்தின் நினைவுக் கல் ஒன்று நிற்கிறது.

அதே ஆகஸ்ட் மாதம் 26ஆம் திகதி, இங்கிருந்து பல ஆயிரம் கிலோமீற்றர் தொலைவில், கல்கத்தாவின் சுங்கக் கட்டிடத்திலிருந்து புறப்பட்ட ஒரு மாட்டுவண்டி போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதில் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 ரவைகளும் இருந்தன. இந்தக் கட்டுரை அந்த ரவையைப் பற்றியது.

கைத்துப்பாக்கியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அரும்பொருட்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதைத்தான் வைப்பார்கள். ரவை இருந்தால் அதன் காலடியில் ஓரமாகக் கிடக்கும். ஆனால் துவக்கின் வடிவத்தைத் தீர்மானிப்பது ரவைதான். ரவை தீர்ந்தால் துவக்கு வெறும் இரும்பு.

முதலில் சொற்களைச் சரிசெய்து கொள்வோம். தமிழகத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தோட்டா அல்லது குண்டு என்பார்கள். எங்களுக்கு அப்படியில்லை. முழுசாக இருப்பது ரவை. அதிலிருந்து பறந்து போவது சன்னம். சுட்ட இடத்தில் கிடப்பது வெற்றுக்கோது. இந்த வேறுபாடுகளை எங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் கற்பிக்கவில்லை. ஒரு தலைமுறை தெருவில் நின்றே படித்துக்கொண்டது. அந்தச் சொற்களையே இங்கே பயன்படுத்துகிறேன்.

மௌசர் ரவையின் கதை ஒரு வேதியியல் மாற்றத்திலிருந்து தொடங்குகிறது. 1884இல் பிரான்சில் போல் வியேய் என்பவர் புகையில்லா வெடிமருந்தைச் செய்து காட்டினார். அதுவரை இருந்த கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் மிஞ்சும். பத்துப் பதினைந்து தரம் சுட்டால் துவக்கின் உள்பாகமெல்லாம் அப்பிக்கொள்ளும். நுட்பமாக நகரவேண்டிய பொறிகள் எதுவும் அந்தக் கசடுக்குள் நெடுநேரம் வேலை செய்யமாட்டா. புது மருந்து மிகக் குறைந்த அளவில் அதிக வலுவைக் கொடுத்தது, கசடும் குறைவு. சுடும்போது பின்னோக்கி உதைக்கும் விசையைக்கொண்டே கோதை வெளியே எறிந்து அடுத்த ரவையை ஏற்றும் கைத்துப்பாக்கி அதன்பிறகுதான் சாத்தியமாயிற்று.

அதை முதலில் விற்பனைக்குரிய பொருளாக்கியவர் ஹியூகோ போர்ச்சார்ட். மக்டபூர்க்கில் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய், அங்கே துவக்குத் தொழிற்சாலைகளில் வேலை செய்து பெயரெடுத்து, புடாபெஸ்ட் வழியாகப் பேர்லினுக்குத் திரும்பியவர். 1893இல் லூட்விக் லோவே நிறுவனத்துக்காக ஒரு கைத்துப்பாக்கியை வடிவமைத்தார். அதற்குப் பொருத்தமான ரவை எதுவும் உலகில் இல்லாததால் ரவையையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டியிருந்தது.

என்ன சிக்கல் என்றால், அக்காலத்து ரிவால்வர் ரவைகளின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு ஒன்று உண்டு. சுழலும் உருளையின் துளைக்குள் ரவை முழுவதும் விழுந்துவிடாமல் அந்த விளிம்பு தடுக்கும். ரிவால்வருக்கு அது வசதி. ஆனால் ரவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ரவைக்கூட்டுக்குள் அடுக்கினால் விளிம்போடு விளிம்பு கொளுவிக்கொள்ளும். போர்ச்சார்ட் விளிம்பை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் கோதைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டினார். வெற்றுக்கோதை இழுத்து எறியும் கொளுக்கி அந்தப் பள்ளத்தைப் பற்றிக்கொள்ளும்.

விளிம்பு போய்விட்டால் ரவை குழலின் அறைக்குள் எங்கே போய் நிற்பது? அதற்குப் போத்தல் வடிவம் விடையாயிற்று. கோது அடியில் அகலமாக இருந்து, மேலே தோள் மாதிரிச் சரிந்து, கழுத்தில் ஒடுங்குகிறது. அறைக்குள் போகும் ரவை அந்தத் தோளில் முட்டி நிற்கும். இதில் இன்னும் இரண்டு வசதிகள் கிடைத்தன. அகலமான வயிற்றுக்குள் கூடுதல் மருந்து அடங்கியது. ஒடுங்கிய முனை அகலமான வாய்க்குள் போவதால் ஏற்றும்போது சிக்குவதும் குறைந்தது. கோதின் நீளம் 25 மில்லிமீற்றர். சன்னத்தோடு சேர்த்தால் ஏறக்குறைய 35. ஆட்காட்டி விரலின் முதல் இரண்டு கணுக்களைவிடக் குறைவு.

போர்ச்சார்ட்டின் கைத்துப்பாக்கி பருமனானது, விலை கூடியது, பிடித்துச் சுட வசதியில்லாதது. அதிகம் விற்கவில்லை. ஆனால் ரவை பிழைத்துக்கொண்டது. நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ன்டோர்ஃப் என்ற சிறு ஊரில், மௌசர் தொழிற்சாலையில் ஃபேடர்லே சகோதரர்கள் மூவர் வேலை செய்தார்கள். அவர்கள் அந்த ரவையை எடுத்து, அளவுகளை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, மருந்தைக் கூட்டி, அதைச் சுற்றித் தங்கள் கைத்துப்பாக்கியைக் கட்டினார்கள். காப்புரிமை 1895இல் முதலாளி போல் மௌசரின் பெயரில் பதிவாகியது. உற்பத்தி 1896இல் தொடங்கியது. சீ96 என்ற பெயர் அதனால் வந்தது.

அந்தக் கைத்துப்பாக்கியின் விநோதமான உருவத்துக்கும் ரவையே காரணம். ரவை நீளமானது. பிடிக்குள் அடுக்கினால் பிடி பருத்துவிடும் என்பதால் ரவைக்கூட்டை விசைக்கு முன்னால் வைத்தார்கள். பிடி மெலிந்து விளக்குமாற்றுக் கட்டைபோல் உருண்டு நின்றது. பத்து ரவைகளைத் தாங்கிய ஒரு தகட்டுக் கிளிப்பை மேலே செருகி, பெருவிரலால் அழுத்தினால் பத்தும் ஒரே தள்ளில் உள்ளே போகும். மரத்தாலான உறையைப் பிடியின் பின்னால் பொருத்தினால் தோளில் முட்டுக்கொடுத்துச் சுடலாம். குறிபார்க்கும் தகட்டில் 1,000 மீற்றர் வரை கோடு போட்டுவைத்திருந்தார்கள். அந்தத் தூரத்தில் கைத்துப்பாக்கியால் ஒருவரைக் குறிவைப்பது விற்பனையாளரின் நம்பிக்கையே தவிர வேறில்லை.

ஆனால் வேகம் உண்மையானது. சன்னத்தின் எடை ஐந்தரை கிராம். செக்கனுக்கு ஏறக்குறைய 430 மீற்றர் வேகத்தில் போயிற்று. அன்று இந்தியாவிலிருந்த பிரித்தானிய அதிகாரிகள் இடுப்பில் கட்டிய வெப்ளி ரிவால்வரின் சன்னம் 17 கிராம் எடை. வேகம் 180 மீற்றரைச் சற்றுத் தாண்டும். பெரிய ஈயக்கட்டி மெதுவாக வந்து மோதுவது பிரித்தானிய வழி. சிறிய சன்னம் உலோகப் போர்வையோடு விரைந்து துளைப்பது ஜேர்மன் வழி. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் மக்னம் ரவை வரும்வரை கடைகளில் வாங்கக்கூடிய கைத்துப்பாக்கி ரவைகளில் மௌசருடையதே மிகவும் விரைவானதாக இருந்தது.

பெயரிலுள்ள எண்ணைப் பற்றியும் ஒரு சொல். 7.63 மில்லிமீற்றர் என்பது குழலின் உள்விட்டம். சன்னம் அதைவிடச் சற்றுப் பருமன், ஏறக்குறைய 7.8. குழலின் முறுக்குக் கோடுகள் அதைக் கவ்விச் சுழற்றவேண்டும் என்பதற்காக அப்படி. போர்ச்சார்ட் தன் ரவையை 7.65 என்றார். பின்னாளில் ரஷ்யர் தங்களுடையதை 7.62 என்றார்கள். மூன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. ஒரே பொருளுக்கு மூன்று வீட்டார் வைத்த மூன்று பெயர்கள் என்றே கொள்ளலாம். பிரித்தானிய இந்திய ஆவணங்களில் இதே ரவைக்கு நான்காவது பெயர் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மௌசர் இதை இராணுவத்துக்கான ஆயுதமாகவே செய்தது. ஆனால் ஜேர்மன் இராணுவம் அதைத் தன் முறையான கைத்துப்பாக்கியாக ஏற்றுக்கொள்ளவேயில்லை. துருக்கிக்கும் இத்தாலியக் கடற்படைக்கும் சில ஆயிரம் போயின. 1908இல் ஜேர்மன் தரைப்படை தேர்ந்தெடுத்தது லூகர் கைத்துப்பாக்கியை. லூகரும் போர்ச்சார்ட்டின் ரவையிலிருந்தே புறப்பட்டவர். கோதை 21.5 மில்லிமீற்றராகக் குறைத்துப் பிடிக்குள் அடக்கினார். பிறகு 1902இல் கழுத்தை விரித்து 9 மில்லிமீற்றர் சன்னத்தை வைத்தார். இன்று உலகப் படைகளிலும் பொலிஸ் நிலையங்களிலும் பரவியிருக்கும் 9 மில்லிமீற்றர் ரவை அதுதான்.

சொந்தப் படை எடுக்காத ஆயுதத்தை மௌசர் உலகச் சந்தையில் விற்றது. வாங்கியவர்கள் தனியாட்கள். பெங்களூரில் குதிரைப்படை அதிகாரியாக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் அவர்களில் ஒருவர். பம்பாயில் படகிலிருந்து இறங்கும்போது தோள்மூட்டு விலகியதால் வாள் வீசுவது அவருக்குச் சிரமம். லண்டனில் ஒரு மௌசரை வாங்கி, 1898இல் சூடானின் ஒம்துர்மான் யுத்தத்தில் அதையே பயன்படுத்தினார். பிரித்தானிய சாம்ராஜ்ஜியத்தின் அதிகாரிகள், தோட்டத்துரைமார், வேட்டைக்காரர் என்று பலரும் விரும்பி வாங்கும் பொருளாக அது ஆயிற்று. கல்கத்தாவின் ரொடா கொம்பனி போன்ற துவக்கு வியாபாரிகள் அதை இறக்குமதி செய்தது இப்படித்தான்.

1878இன் ஆயுதச் சட்டப்படி இந்தியர் அனுமதிப்பத்திரமின்றி ஆயுதம் வைத்திருக்க முடியாது. வெள்ளையருக்கு அந்தத் தடை பெயரளவுக்கே. ஆகவே ஆயுதம் தேடிய புரட்சிக்காரர் கடத்தலை நம்பினார்கள். 1909இல் லண்டனிலிருந்து ஒரு பயணப் பெட்டியின் கள்ள அடித்தட்டில் 20 பிரவுணிங் கைத்துப்பாக்கிகள் பம்பாய்க்கு வந்தன. அவற்றில் ஒன்றால் அந்த ஆண்டு டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குச் சுடப் பழக்கினார். வாஞ்சிநாதன் அங்கே பழகியவர்தான். ஒரு கைத்துப்பாக்கி, ஒரு கைப்பிடி ரவைகள், ஓர் இலக்கு, கடைசி ரவை தனக்கு. மணியாச்சியில் நடந்ததும் அதுவே. ரவை அருமையாக இருந்த காலத்தின் கணக்கு அது.

கல்கத்தா அந்தக் கணக்கை மாற்றியது. கள்ள அடித்தட்டு எதுவும் தேவைப்படவில்லை. ரொடா கொம்பனியில் துறைமுக வேலைகளைக் கவனித்த எழுத்தர் ஸ்ரீஷ் சந்திர மித்ரா. கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்தில் கையொப்பமிட்டு எடுப்பது அவர் உத்தியோகம். ஆகஸ்ட் 26 அன்று ஆயுதங்களும் ரவைகளும் அடங்கிய 202 பெட்டிகளைச் சுங்கத்திலிருந்து எடுத்தார். 192 பெட்டிகள் கொம்பனியின் களஞ்சியத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தன. மீதியை எடுத்துவருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. ஹரிதாஸ் தத்தா என்ற இளைஞர் வட இந்திய வண்டிக்காரர் வேடத்தில் ஓட்டிய மாட்டுவண்டியில் மீதிப் பத்துப் பெட்டிகளும் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தன. சுங்கப் பத்திரங்கள் அனைத்தும் சரியாக இருந்தன. ஒரு வெடிகூட வெடிக்கவில்லை.

காலத்தைக் கவனிக்க வேண்டும். ஜேர்மனியோடு யுத்தம் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. எதிரி நாட்டுத் தொழிற்சாலையின் ஆயுதங்கள் பிரித்தானிய வியாபாரியின் பெயருக்கு, பிரித்தானியத் துறைமுகத்தில், முறைப்படி இறங்கின. அடுத்த மாதம் 22ஆம் திகதி இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டது. அந்தச் சத்தம் தமிழரின் நினைவில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. கல்கத்தா வண்டியின் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் அரசாங்கத்துக்கு நெடுங்காலத் தலைவலி கொடுத்தது அந்த வண்டிதான்.

எண்களைப் பார்த்தால் காரணம் புரியும். 46,000ஐ 50ஆல் வகுத்தால் ஒரு கைத்துப்பாக்கிக்கு 920 ரவைகள். பத்துப் பத்தாக 92 கிளிப்கள். ஒரு ரவையின் எடை ஏறக்குறைய பத்தரை கிராம் என்றால் ரவைகள் மட்டும் அரை டன்னை நெருங்கும். அதுவரை இந்தியப் புரட்சிக்காரர் கையில் வந்த ஆயுதங்களின் பெரிய குறை, பொருத்தமான ரவை இல்லாததுதான். பழைய ரிவால்வர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. ஒன்றின் ரவை மற்றதற்கு ஆகாது. இப்போது ஒரே அளவில், ஒரே பெட்டியிலிருந்து, ஆண்டுக்கணக்கில் தீராத கையிருப்பு. பழகிப் பார்ப்பதற்கும் ரவை இருந்தது. தோளில் முட்டுக்கொடுத்தால் பொலிஸ்காரரின் நீண்ட துவக்குக்கு எதிரே நின்று சுடவும் முடிந்தது.

1915 செப்டெம்பர் 9 அன்று ஒரிசாவின் பாலசோர் அருகே அது நடந்தது. பாகா ஜதின் என்று அழைக்கப்பட்ட ஜதீந்திரநாத் முகர்ஜியும் நான்கு தோழர்களும் பொலிஸையும் படையினரையும் மௌசர்களோடு எதிர்த்து நின்றார்கள். சித்தப்பிரிய ராய் சௌத்ரி அந்த இடத்திலேயே இறந்தார். ஜதின் மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். இருவர் பின்னர் தூக்கிலிடப்பட்டனர், ஒருவர் நாடுகடத்தப்பட்டார்.

அவர்கள் அந்தக் கடற்கரைப் பக்கம் போனதே ஒரு ஜேர்மன் ஆயுதக் கப்பலுக்காகக் காத்திருக்கத்தான். பேர்லினில் அப்போது இந்தியர் குழு ஒன்று ஜேர்மன் வெளிநாட்டமைச்சோடு சேர்ந்து வேலை செய்தது. திருவனந்தபுரத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளையும், சென்னைக்காரரான எம்.பி.டி. ஆச்சார்யாவும் அதில் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான துவக்குகளோடு மாவரிக் என்ற கப்பல் வங்கக் கடலுக்கு வரும் என்பது திட்டம். கப்பல் ஜாவா வரைதான் வந்தது, துவக்குகளும் அதில் இல்லை. அமெரிக்காவிலிருந்து அவற்றை எடுத்துவந்த மற்றக் கப்பல் பசிபிக் கடலில் மாவரிக்கைச் சந்திக்கவேயில்லை. ஜேர்மன் அரசாங்கம் கொடுப்பதாகச் சொன்ன ஆயுதம் எதுவும் பாலசோருக்கு வரவில்லை. ஜேர்மன் வியாபாரம் யாரென்று பார்க்காமல் விற்ற ஆயுதமே அவர்கள் கையில் இருந்தது. நண்பர் என்று வந்த அரசுகளை நம்பிக் கடற்கரையில் காத்திருந்தவர்களின் கதையை எங்கள் சனத்துக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த 50 கைத்துப்பாக்கிகளின் கணக்கை எழுதிவைத்தவர்கள் ஆட்சியாளர்கள். நீதிபதி சிட்னி ரௌலட் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கை 1918இல் வெளியாயிற்று. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசுவாமி சாஸ்திரியும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். அறிக்கையின்படி 44 கைத்துப்பாக்கிகள் கிட்டத்தட்ட உடனேயே ஒன்பது குழுக்களுக்குப் பகிரப்பட்டன. 54 கொலை, கொள்ளை, முயற்சிச் சம்பவங்களில் அவை பயன்பட்டன. 31 மீட்கப்பட்டன. இந்த அறிக்கையில்தான் நம் ரவையின் நான்காவது பெயர் வருகிறது: .300 விட்டம். 7.63 மில்லிமீற்றரை 25.4ஆல் வகுத்தால் அங்குலத்தில் அதுதான் விடை. ஓபர்ன்டோர்ஃபின் அளவு கல்கத்தாவின் கோப்புக்குள் அங்குலமாக உட்கார்ந்துகொண்டது.

கைத்துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எண்ணிய அந்தக் கணக்கில், 54 சம்பவங்களில் செத்தவர்களின் பக்கம் மெல்லியது. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லர். இந்தியப் பொலிஸ்காரர், தகவல் சொன்னவர், கொள்ளைக்குப் போன வீட்டுக்காரர். விடுதலையின் வரலாற்றை எழுதியவர்களும் அந்தப் பெயர்களைத் தேடவில்லை. வீரக்கதையில் அவர்களுக்கு இடமில்லை. அரசாங்கக் கதையில் அவர்கள் ஓர் எண். ரவையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் அந்த இடைவெளியைத் தாண்டிப் போக முடியவில்லை. ஏனெனில் சன்னம் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

அறிக்கையின் விளைவு அதைவிடப் பெரியது. அதன் பரிந்துரைகள் 1919 மார்ச்சில் ரௌலட் சட்டமாயின. விசாரணையின்றிச் சிறை வைக்க அது வழி செய்தது. அந்தச் செய்தி வந்தபோது காந்தி சென்னையில், ராஜாஜியின் விருந்தாளியாக இருந்தார். நாடு முழுவதும் ஒரு நாள் கடையடைத்து நோன்பிருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் தோன்றியது. ஏப்ரல் 6 அன்று நாடு அடைத்தது. ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக்.

அங்கே சுட்டது அரசாங்கத்தின் துவக்கு; .303 ரவை. ஜெனரல் டயரின் ஆட்கள் சுட்டது 1,650 ரவைகள். இந்த எண்ணில் எவருக்கும் சந்தேகமில்லை, ஏனெனில் படைக்களஞ்சியம் ரவைகளை எண்ணித்தான் கொடுக்கும், எண்ணித்தான் வாங்கும். இறந்தோர் எத்தனை பேர்? அதிகாரபூர்வமான எண் 379. அதை அன்றும் யாரும் நம்பவில்லை, இன்றும் வாதம் முடியவில்லை. ரவைக்குக் கணக்கு இருந்தது. ஆளுக்குக் கணக்கு இல்லை. நூறு ஆண்டுகள் கழித்தும், 2009இன் கடற்கரையை நினைப்பவர்களுக்கு இந்த வாக்கியத்தில் புதிதாக எதுவுமில்லை.

ரவையின் மீதிக்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் உலக யுத்தத்தில் கைத்துப்பாக்கிகள் போதாமல் ஜேர்மன் இராணுவம் மௌசரிடம் 150,000 கேட்டது, ஆனால் 9 மில்லிமீற்றர் ரவைக்கு. படைவீரர் மாறி ஏற்றிவிடாமலிருக்க மரப்பிடியில் 9 என்று செதுக்கிச் சிவப்பு மை பூசினார்கள். 7.63 தன் சொந்தக் கைத்துப்பாக்கியிலேயே அந்நியமாகத் தொடங்கியது அப்போதுதான். யுத்தத்துக்குப் பின் வெற்றியாளர்கள் ஜேர்மன் கைத்துப்பாக்கிகளின் விட்டத்துக்கும் குழல் நீளத்துக்கும் வரம்பு வைத்தார்கள். மௌசர் குழலைக் குறுக்கிப் பழைய 7.63க்கே திரும்பியது. ஆஹெனில் பெல்ஜியப் படை குடியிருந்த 1920களில் அந்தக் குறுங்குழல் மௌசர்கள் சோவியத் ரஷ்யாவுக்கும், நீண்டவை சீனாவுக்கும் பெருந்தொகையாகப் போயின.

ரஷ்யர் ரவையை விரும்பினார்கள். 1930இல் ஏறக்குறைய அதே அளவில், அழுத்தத்தைக் கூட்டி, தொக்கரெவ் ரவையாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் யுத்தத்தில் செஞ்சேனையின் இயந்திரக் கைத்துப்பாக்கிகள் சுட்டது அதைத்தான். கோதின் அளவு ஒன்றாக இருப்பதால் அது பழைய மௌசருக்குள் தாராளமாகப் போகும். சுட்டால் பழைய பொறி தாங்காமல் போகலாம். மௌசர் தன் உற்பத்தியை 1937இல் நிறுத்தியது. அதுவரை ஏறக்குறைய பத்து லட்சம் செய்திருந்தது. ஒரு மூத்த பிள்ளை 9 மில்லிமீற்றராகவும், இன்னொன்று தொக்கரெவாகவும் ஊர் ஆள, தாய் ரவை வழக்கொழிந்தது. இன்று சேகரிப்பவர்களுக்காக மட்டும் சிறிதளவு செய்யப்படுகிறது.

ஓபர்ன்டோர்ஃப் ஓயவில்லை. 1945இல் பிரெஞ்சுப் படை மௌசர் தொழிற்சாலையைக் கழற்றி எடுத்துச் சென்றது. 1949இல் அங்கே வேலை செய்த பொறியியலாளர் மூவர் அதே ஊரில் ஹெக்லர் அன்ட் கோக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த துவக்கை 1959இல் மேற்கு ஜேர்மன் இராணுவம் ஏற்றுக்கொண்டது. பெயர் ஜி3. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை.

அந்த எண்பதுகளில்தான் எங்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தோம். சன்னம் புறப்பட்ட இடத்தை நோக்கியே நடந்து வந்திருக்கிறோம் என்பது அப்போது தெரியாது. நெக்கார் பள்ளத்தாக்கு இங்கிருந்து தெற்கே சில மணிநேரப் பயணம். மியூஸ் கரை பக்கத்து ஊர். இரண்டு இடத்திலும் மனிதர் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீட்டுக்கு வருகிறார்கள். செய்யும் பொருளின் அளவு பிசகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பெட்டியில் அடைத்தபின் அது மணியாச்சிக்குப் போகுமா, பாலசோருக்கா, அமிர்தசரஸுக்கா என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. பத்திரங்கள் சரியாக இருந்தால் போதும்.

ரொடா கொம்பனியின் 50 கைத்துப்பாக்கிகளில் 31 திரும்பி வந்தன. 46,000 ரவைகளில் சுடப்பட்டவை எத்தனை, பழகுவதற்குச் செலவானவை எத்தனை, குளத்திலும் கிணற்றிலும் எறியப்பட்டவை எத்தனை என்று எந்த அறிக்கையும் கூட்டிச் சொல்லவில்லை. துவக்கு கைமாறும், பிடிபடும், கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ச் சேரும். ரவை ஒருமுறைதான். அது போன இடத்தில் ஒரு கோதும், வேறோர் இடத்தில் ஒரு பெயரும் கிடக்கின்றன. கோதைப் பொறுக்கிச் சேகரிப்பவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். பெயரைப் பொறுக்குவது இன்னும் எங்கள் வேலையாகவே இருக்கிறது.